ஐஃபல் மலையில் ஒரு சுங்கச்சாலை

கொலோன் நகரை விட்டு ஏ61 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, பிறகு மேற்குப் பக்கம் மலையேறினால் ஐஃபல் காடு ஆரம்பித்துவிடுகிறது. அணைந்துபோன எரிமலைகளின் நாடு இது. எரிமலை வாய்களில் தண்ணீர் தேங்கி வட்ட வட்டமான ஏரிகள் ஆகியிருக்கின்றன. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே விளைச்சலும் குறைவு, பிழைப்பும் குறைவு. வேலையில்லாமல் கிடந்த ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று 1925இல் ஒரு சாலை போட ஆரம்பித்தார்கள். காட்டுக்குள் நுழைந்து, பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபக்கம் ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சாலை. 1927 ஜூனில் திறந்தார்கள். அதுதான் நூர்புர்க்ரிங். அப்போது கொலோன் மேயராக இருந்து அந்தத் திட்டத்துக்குத் துணைநின்ற கொன்ராட் அடெனாவர், போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனார்.

அதன் வடக்குச் சுற்றுக்கு நார்ட்ஷ்லைஃப என்று பெயர். இன்றைய நீளம் 20.832 கிலோமீட்டர். எங்கள் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். எழுபதுக்கு மேல் வளைவுகள், உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறத்தாழ 300 மீட்டர் உயர வித்தியாசம். பல இடங்களில் சாலைக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவே ஒரு கீற்றுப் புல்தரை மட்டும்தான். 1976 ஆகஸ்ட் 1 அன்று நிக்கி லாவ்டாவின் ஃபெராரி பற்றியெரிந்தது இங்கேதான். அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன் இந்தச் சுற்றுக்குத் திரும்பவில்லை. ஆனால் பந்தயமும் கம்பெனிகளின் சோதனை ஓட்டமும் இல்லாத மாலைகளிலும் விடுமுறை நாள்களிலும், காசு கட்டிவிட்டு யாரும் தன் சொந்தக் காரில் உள்ளே போகலாம். சட்டத்தின் கண்ணில் அது ஒருவழிச் சுங்கச்சாலை. ஜெர்மனியின் போக்குவரத்து விதிகள் அப்படியே செல்லும். இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். நேரம் அளக்கக் கூடாது.

ஊரில் நாங்கள் வருஷக்கணக்காகப் பேசித் தீராத ஒரு விஷயத்தை இந்தச் சாலையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ், பள்ளிக்கூடம், காய்கறிக் கடை. சனிக்கிழமை பந்தயத் தளம். இரண்டையும் ஒரே கார் செய்ய வேண்டும், அதுவும் ஐந்து கதவுக் குடும்பக் காராக இருக்க வேண்டும் என்றால் எதை நம்புவது? என் மனைவியின் தம்பி கொலோனில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனிடம் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ கிளப்ஸ்போர்ட். அவனோடு வேலை செய்யும் ஜெர்மன் பெண் ஒருவரிடம் ஹோண்டா சிவிக் டைப் ஆர். மூன்றாவதாக ஒரு ஹூண்டாய் ஐ30 என் காரை நூர்புர்க் ஊரிலேயே எனக்காக வாடகைக்குச் சொல்லிவைத்திருந்தான். விமான நிலையத்தில் கிடைக்கும் சாதாரண வாடகைக் காரை இந்தச் சாலையில் ஏற்ற முடியாது. ஒப்பந்தத்திலேயே தடை போட்டிருப்பார்கள். அதனால் இதற்கென்றே கார் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் ஊரைச் சுற்றி நிறையப் பேர்.

ஹாட் ஹேட்ச் என்ற இந்த வகையை வீட்டுப் பெயர் ஆக்கியது கோல்ஃப்தான். 1975இல் பிராங்பர்ட் கண்காட்சியில் முதல் ஜிடிஐயைக் காட்டினார்கள். 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன், எடை 800 கிலோவுக்குச் சற்று மேல். ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்ற கணக்கு. அந்த முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. காரணம் எளிது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க இன்னொரு கார் நிறுத்தும் இடம் வேண்டும், இன்னொரு சம்பளம் வேண்டும். இது வீட்டில் ஏற்கெனவே இருக்கவேண்டிய கார். பின்னால் குழந்தை உட்காரும், டிக்கியில் பால் பெட்டி ஏறும், சனிக்கிழமை மலைச்சாலையில் பெரிய கார்களைத் துரத்தும். ஐம்பது வருஷத்தில் குதிரைத்திறன் மூன்று மடங்கு ஆகியிருக்கிறது. அந்த வாக்குறுதி மட்டும் மாறவில்லை. அதனால்தான் இந்தக் கார்களை வெறும் சுற்று நேரத்தை வைத்து எடைபோடுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

போகும் வழியே பாதிச் சோதனை. கொலோனிலிருந்து கோல்ஃபில் கிளம்பினோம். 300 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி. நகர நெரிசலில் அது வேறெந்தக் கோல்ஃபையும் போலவே நடந்துகொண்டது. கியர் மாறுவது தெரியவில்லை. டிராம் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்குவது தெரிந்தது, ஆனால் முதுகு வரை வரவில்லை. இந்தத் தலைமுறை முதலில் வந்தபோது ஸ்டீயரிங்கில் பொத்தான்களை எடுத்துவிட்டுத் தொடுபரப்பு வைத்தார்கள். உலகம் முழுக்கக் குறை சொன்னார்கள். 2024இல் செய்த மாற்றத்தில் அழுத்தினால் அழுந்துகிற பொத்தான்கள் திரும்பி வந்திருக்கின்றன. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. வளைவில் கை பிசகும் நேரத்தில் ஏதோ ஒன்று தானாக மாறிவிடும் என்ற பயம் இல்லாமல் ஓட்ட வேண்டும்.

வேகக்கட்டுப்பாடு இல்லாத பகுதி வந்ததும் மைத்துனன் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்தினான். 200ஐத் தாண்டியது. பேச்சுக் குரலை நாங்கள் உயர்த்தவில்லை. "இதுக்குத்தாங்க மாமா இத வாங்கினேன். அம்மாவ உக்கார வெச்சுட்டுப் போனாக்கூட ஸ்பீடு தெரியாது" என்றான். என் மாமியார் ஸ்பீடோமீட்டரைப் பார்க்காத வரைக்கும் அது உண்மைதான்.

வழியில் பெட்ரோல் பங்க்கில் காரை மாற்றிக்கொண்டோம். தன் சிவிக்கில் எங்களோடு வந்துகொண்டிருந்த அந்த ஜெர்மன் பெண்ணின் காரில் நான் ஏறினேன். வெளியிலிருந்து பார்த்தால் முரட்டு உருவம். அகலம் 1,890 மில்லிமீட்டர், கோல்ஃபைவிடப் பத்து சென்டிமீட்டர் அதிகம். பழைய ஊர்ச் சந்துகளில் அது தெரிகிறது. பின் சீட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஆனால் கால் நீட்டும் இடம் கோல்ஃபைவிடத் தாராளம், டிக்கி 410 லிட்டர்; கோல்ஃபில் 374. பின் சீட்டில் குழந்தை இருக்கை மாட்டியிருந்தது, அதன் இடுக்கில் பிஸ்கட் தூள். அந்த அம்மா மகனைக் காலையில் பாலர் பள்ளியில் விடுவது இந்தக் காரில்தான்.

சிவிக்கில் கைக்கியர் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் கிடையவே கிடையாது. அந்தக் கியர் குமிழை ஒரு முறை தள்ளிப் பார்த்தவர்கள் அதைப் பற்றி ஏன் எல்லாரும் இவ்வளவு பேசுகிறார்கள் என்று கேட்க மாட்டார்கள். நடை மிகக் குறுகியது, ஒவ்வொரு கியரும் தன் இடத்தில் உலோகச் சத்தத்தோடு விழுகிறது. 2 லிட்டர் டர்போ, ஐரோப்பாவில் 329 குதிரைத்திறன், 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அவ்வளவும் முன்சக்கரம் இரண்டில் இறங்குகிறது. முன்சக்கர ஓட்டக் கார்களின் பழைய வியாதி, ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுப்பது. அச்சு ஷாஃப்ட் இழுக்கும் விசை, சக்கரம் திரும்பும் அச்சுக்கு விலகி நிற்பதால் வருகிற இழுப்பு அது. ஹோண்டா சக்கரம் திரும்பும் பகுதியை ஷாக் அப்சார்பரிலிருந்து தனியே பிரித்து, திரும்பும் அச்சைச் சக்கரத்தின் நடுவுக்கு நெருக்கிக் கொண்டுவந்தது. இரண்டாம் கியரில், ஈரச் சாலையில், முழுக்க அழுத்திப் பார்த்தேன். கை நேராகவே இருந்தது. 300 குதிரைத்திறனுக்கு மேல் முன்சக்கரத்தால் முடியாது என்று ஒரு காலத்தில் பத்திரிகைகள் எழுதின. நானும் அதைப் படித்து வளர்ந்தவன்.

நார்ட்ஷ்லைஃபயின் நுழைவாயில் எந்த ஆடம்பரமும் இல்லாத பெரிய கார் நிறுத்தம். ஆனால் அங்கே நிற்கும் கூட்டத்தைப் போல ஒன்றை வேறெங்கும் பார்த்ததில்லை. லட்சக்கணக்கான யூரோ பெறும் போர்ஷே ஒரு பக்கம். அதற்குப் பக்கத்தில் துருவேறிய பழைய பிஎம்டபிள்யூ. குடும்பத்தோடு வந்த டீசல் வேன். தோல் உடை போட்ட மோட்டார்சைக்கிள்காரர்கள். எல்லாரும் ஒரே தடுப்பு வழியாகத்தான், ஒரே அட்டையைக் காட்டித்தான் உள்ளே போகிறார்கள். ஒரு சுற்றுக்குச் சாதாரண நாளில் முப்பது யூரோ அளவில் கட்டணம். அதைவிடப் பெரிய செலவு தப்பு நடந்தால் வரும். தடுப்புக் கம்பியை இடித்தால் மீட்டர் கணக்கில் காசு, இழுத்துவரும் வண்டிக்குக் காசு, பல காப்பீடுகள் இந்தச் சாலையைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. அந்த அம்மா குழந்தை இருக்கையைக் கழற்றினார். மைத்துனன் தண்ணீர் பாட்டில், குடை, டிக்கியில் கிடந்த அரிசிப் பை எல்லாவற்றையும் இறக்கி, நாங்கள் தங்கியிருந்த விடுதியின் அறையில் கொண்டுபோய் வைத்தான். உருண்டு பிரேக் பெடலின் அடியில் போய் மாட்டக்கூடிய எதுவும் காரில் இருக்கக் கூடாது. பிறகு டயர் காற்று. சூடேறினால் அழுத்தம் கூடும் என்பதால் குளிர்ந்த டயரில் கொஞ்சம் குறைத்து வைத்தார்கள்.

முதலில் கோல்ஃபில், மைத்துனன் பக்கத்தில். ஹட்ஸன்பாக் வளைவுகளுக்குள் இறங்கியதும் எனக்குப் புரிந்த முதல் விஷயம், இது தளமே அல்ல, சாலை. சர்வதேசப் பந்தயத் தளங்களின் தார் மேசையைப்போலச் சமமாக இருக்கும். இங்கே தார் அலையடிக்கிறது, ஒட்டுப்போட்டிருக்கிறது, ஓரம் சரிகிறது. ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் வண்டி எடையிழக்கிறது. ஃபுக்ஸ்ரோர என்ற இறக்கம் காட்டுக்குள் செங்குத்தாக விழுந்து, அடியில் பள்ளத்தில் மோதி, அதே மூச்சில் மேலேறுகிறது. அந்தப் பள்ளத்தில் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது உடம்பு சீட்டுக்குள் புதைந்தது.

அப்போது கோல்ஃப் இருந்தது அதன் தனி அமைப்பில். திரையில் நார்ட்ஷ்லைஃபயின் உருவம் கோட்டுச் சித்திரமாகத் தெரியும். அதுதான் அந்த அமைப்பின் அடையாளம். பந்தயத்துக்கான அமைப்பு என்றால் சஸ்பென்ஷன் இறுகும் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கே தலைகீழ். இன்ஜின், ஸ்டீயரிங் எல்லாம் உச்சத்தில். ஷாக் அப்சார்பர் மட்டும் இளகுகிறது. 2016இல் வெறும் 400 கார்கள் செய்த கிளப்ஸ்போர்ட் எஸ்ஸில் ஃபோக்ஸ்வேகன் இதே உபாயத்தைச் செய்தது; அந்தக் கார் அந்த வருஷம் 7 நிமிஷம் 49.21 வினாடியில் சுற்றி முன்சக்கர ஓட்டக் கார்களின் சாதனையைப் பிடித்தது. இறுக்கமான சஸ்பென்ஷன் மேடுபள்ளத்தில் சக்கரத்தைத் தூக்கிவிடும். தரையைத் தொடாத டயர் திருப்பவும் செய்யாது, நிறுத்தவும் செய்யாது. கொலோன் டிராம் தண்டவாளத்தில் முதுகைக் காப்பாற்றிய அதே குணம்தான் இங்கே வேகத்தையும் காப்பாற்றுகிறது. அன்றாடத்துக்கு ஒன்று, தளத்துக்கு வேறொன்று என்று நாம் போட்டுவைத்திருந்த கோடு இந்தச் சாலையில் அழிந்துவிட்டது. நான் கண்ணால் பார்க்க வந்தது இதைத்தான் என்று அந்தப் பள்ளத்தில் இறங்கும்போது எனக்குத் தெரிந்தது.

"மாமா, கண்ணாடியப் பாத்துட்டே இருங்க. பின்னாடி யாராச்சும் வந்தாச் சொல்லுங்க" என்று மட்டும் நடுவில் சொன்னான். வேகமான கார் வந்தால் வலது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்க வேண்டும். அந்த மரியாதைதான் இங்கே எல்லாரையும் உயிரோடு வைத்திருக்கிறது.

சிவிக்கில் போனது வேறு அனுபவம். அந்த அம்மா இன்ஜினைக் கடுமையான ஆர் அமைப்பில் வைத்து, சஸ்பென்ஷனை மட்டும் கம்ஃபர்ட்டில் விட்டிருந்தார். இந்தக் காரில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அமைத்துக்கொள்ள முடியும். "எல்லாவற்றையும் இறுக்கினால் ப்ளான்ட்ஸ்கார்ட்டனில் பயமாக இருக்கிறது" என்றார். கார் நாலு காலையும் தூக்கித் தாவுகிற இடம் அது. கோல்ஃப் நல்ல மனிதர். ஓட்டுநர் கேட்டதைச் செய்கிறார். சிவிக் பேசுகிறது. முன் டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைப் பயணி இருக்கையிலேயே உணர முடிந்தது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மூக்கு வெளியே ஓடாமல் உள்ளே இழுத்தது. உள்பக்கச் சக்கரம் சும்மா சுழன்றுவிடாமல், பிடிப்புள்ள வெளிச் சக்கரத்துக்கு விசையைத் தள்ளும் வேலையை இதில் பல்சக்கரங்களாலான டிஃபரன்ஷியலே செய்கிறது. கோல்ஃபிலும் ஐ30இலும் அதற்கு மின்னணுக் கட்டுப்பாட்டோடு தகடுகள் உண்டு. பலன் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஹோண்டாவில் அது எப்போது பிடிக்கும் என்பது முன்கூட்டியே காலுக்குத் தெரிகிறது.

கரஸெல் என்ற கான்கிரீட் வளைவுக்குள் இறங்கும்போது பல் நடுங்கியது. ஒரு காலத்தில் அது வெறும் வடிகால். ருடால்ஃப் கராச்சியோலா அதற்குள் சக்கரத்தை இறக்கித் திரும்பி மற்றவர்களை முந்தினார். இன்று சாய்ந்த கான்கிரீட் பலகைகள். அதில் போகும் எந்தக் காரும் தன் இணைப்புகள் எவ்வளவு இறுக்கம் என்பதைச் சத்தமாகச் சொல்லிவிடும். இரண்டு கார்களுமே ஒரு பிளாஸ்டிக் கூட முனகாமல் வெளியே வந்தன.

இனி பிரேக். இந்தக் கார்களைப் பற்றிப் பேசும்போது குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக்கூட நாம் பிரேக்குக்குக் கொடுப்பதில்லை. ஆள் ஏறிய ஹாட் ஹேட்ச் ஒன்றரை டன். அது 200 கிலோமீட்டர் வேகத்தில் சுமந்துகொண்டிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 23 லட்சம் ஜூல். வேகம் பாதியானால் அது கால்வாசியாகிவிடும், வேகத்தின் இருமடிக் கணக்கு என்பதால். முழுசாக நிறுத்தினால் அந்த 23 லட்சம் ஜூலும் வெப்பமாகி நாலு பிரேக் டிஸ்க்குகளில் இறங்க வேண்டும். ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்கும் சூடு, சில வினாடிகளில். ஸ்வேடன்க்ராய்ஸ் தாண்டி ஆரெம்பெர்க்கில் ஒரு முறை, வேர்ஸைஃபன் இறக்கத்தில் மறுபடி, அதுவும் சரிவில் இறங்கிக்கொண்டே. டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

டிஸ்க் தாங்கிவிடும், பெரும்பாலும் தோற்பது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் திரவம். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை மிதித்தால் பஞ்சில் கால் வைத்த மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. கார் நிறுத்தத்தில் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு கார் சக்கரத்திலிருந்து புகை வர வந்து நின்றது. ஓட்டிவந்த பையன் முகம் வெளுத்துப்போயிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவனை ஹேண்ட்பிரேக் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கியரில் போட்டு நிறுத்தச் சொன்னார்கள். சூட்டில் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளக்கூடும் என்று காரணமும் சொன்னார்கள். முன்பின் தெரியாதவனுக்கு அந்த இடத்திலேயே சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

சிவிக்கின் முன்பக்கம் 350 மில்லிமீட்டர் டிஸ்க், பிரெம்போ பிரேக். பம்பரின் திறப்புகள் வெறும் அலங்காரமில்லை, இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் காற்றைக் கொண்டுபோகிறவை. அந்த அம்மா வருஷா வருஷம் பருவம் தொடங்குமுன் பிரேக் ஆயிலை மாற்றுவதாகச் சொன்னார். சுற்றின் கடைசிப் பகுதியில் வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமலே காற்றில் ஆறவிட்டுக் கொண்டுவந்தார்.

ஐ30 என் எனக்கு. ஊர்க்காரர்களாகிய நமக்கு ஹூண்டாய் என்றால் இருங்காட்டுக்கோட்டை, சாண்ட்ரோவும் ஐ20யும். அதே பெயர் ஐரோப்பாவில் இந்த மரியாதையைச் சம்பாதிக்கும் என்று இருபது வருஷத்துக்கு முன் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிஎம்டபிள்யூவின் எம் பிரிவில் இருந்த ஆல்பர்ட் பியர்மனை 2015இல் கூட்டிவந்து, நூர்புர்க்ரிங்கை ஒட்டியே சோதனைக்கூடம் வைத்து, இந்தச் சாலையிலேயே உரசி உரசிச் செய்த கார் இது. 280 குதிரைத்திறன், 392 நியூட்டன் மீட்டர். நான் எடுத்தது ஆறு கியர் கைக்கியர் வண்டி.

மூன்றிலும் மனசுக்கு நெருக்கமாக இருந்தது இதுதான். ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் வெடிச்சத்தம். கியர் குறைத்தால் இன்ஜின் தானே சுற்றைக் கூட்டி ஒத்துழைக்கிறது. நான் வேகமாகப் போகவில்லை. இந்தச் சாலையைப் பல வருஷம் படித்தவர்களே இன்னும் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். மேட்டுக்கு அந்தப்பக்கம் சாலை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதவன் அங்கே ஆக்சிலரேட்டரை நம்பக் கூடாது. ஆனாலும் பெர்க்வெர்க் தாண்டி கெஸ்ஸல்ஹன் ஏற்றத்தில், மூன்றாம் கியரிலும் நாலாம் கியரிலுமாக இன்ஜினை முழுக்க விட்டபோது, நடுத்தரக் குடும்பம் தவணையில் வாங்கக்கூடிய ஒரு காரிலிருந்து இவ்வளவு சந்தோஷம் வருகிறதே என்று நெஞ்சு நிறைந்தது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். கடினமான அமைப்பில் சஸ்பென்ஷன் மிகவும் விறைப்பு. இந்தச் சாலைக்கே அது அதிகம், கிராமத்துச் சாலைக்குக் கேட்கவே வேண்டாம். இளகலான அமைப்பிலும் கோல்ஃபின் நாகரிகம் வரவில்லை.

இந்த வகைக் கார்களின் சுற்று நேரச் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் ரெனோ மெகான் ஆர்எஸ் டிராஃபி-ஆர் 20.832 கிலோமீட்டரையும் 7 நிமிஷம் 45.389 வினாடியில் ஓடியது. ஓட்டியவர் லோரான் ஹூர்கோன். அதற்காகப் பின் சீட்டைக் கழற்றினார்கள், பின்சக்கரத் திருப்பத்தைக் கழற்றினார்கள், சாதாரண டிராஃபியைவிட 130 கிலோ குறைத்தார்கள். 500 கார்கள்தான். 2023இல் சிவிக் டைப் ஆர் 7 நிமிஷம் 44.881 வினாடியில் ஓடியது, தளத்துக்கென்றே செய்த மிஷலின் டயர்களோடு. 21 கிலோமீட்டரில் வித்தியாசம் அரை வினாடி. மெகானைச் செய்த பொறியாளர்களின் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பின் சீட்டு இல்லாத கார் இந்த வகையின் வாக்குறுதியை விட்டுக்கொடுத்துவிட்டது என்றே சொல்வேன். அரை வினாடிக்குக் குழந்தையை இறக்கிவிட வேண்டுமா?

அந்த அரை வினாடியை எந்தச் சாதாரண ஓட்டுநரும் உணரப்போவதில்லை என்பதற்குச் சாட்சி சபீன ஷ்மிட்ஸ். இந்த மலையிலேயே, விடுதி நடத்தும் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். 1996இலும் 1997இலும் நூர்புர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அணியில் இருந்தார். அதை வென்ற முதல் பெண். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சரக்கு ஏற்றும் ஃபோர்டு டிரான்ஸிட் டீசல் வேனை எடுத்துக்கொண்டு இந்தச் சுற்றைப் பத்து நிமிஷம் எட்டு வினாடியில் முடித்தார். வழியில் ஸ்போர்ட்ஸ் கார்களை முந்திக்கொண்டு போனார். 2021இல் புற்றுநோயில் இறந்தார். சுற்றின் முதல் வளைவுக்கு இப்போது அவர் பெயர். அதில் திரும்பும்போது மைத்துனன் ஹாரனைத் தொடாமல் கையை மட்டும் உயர்த்தினான்.

டொயோட்டா ஜிஆர் யாரிஸ் பற்றிக் கேட்பார்கள். கார் நிறுத்தத்தில் ஒன்றுக்கு மேல் நின்றன. உலக ராலிக்காகவே பிறந்த கார். மூன்று சிலிண்டர், நாலு சக்கர ஓட்டம், மழையில் இதை வெல்ல மற்றவற்றால் முடியாது. ஆனால் கதவு மூன்றே, டிக்கி 174 லிட்டர். ஒரு குடும்பத்தின் ஒரே காராக அதை என்னால் எண்ண முடியவில்லை.

நான் எடுப்பதானால் சிவிக். இதைச் சொல்லத் தயக்கமே இல்லை. கொலோன் வேலைக்குத் தினமும் போய்வர கோல்ஃப் ஒரு படி மேல்; ஆட்டோமேட்டிக் வேண்டும் என்கிற வீட்டுக்கு அதுதான் பதில். பழைய கார் சந்தையில் தேடுகிறவனுக்கு ஐ30 என் காரைவிட நியாயமான பேரம் கிடையாது. ஆனால் ஓட்டுவது என்ற செயலை ஒரு கைவேலையாக நேசிக்கிற ஆளுக்கு, குழந்தை இருக்கையைக் கழற்றிவைத்துவிட்டு வந்து இந்தச் சாலையில் இப்படி ஓடிவிட்டு, திரும்ப அதை மாட்டிக்கொண்டு போகிற கார் அது ஒன்றுதான்.

வருத்தம் என்னவென்றால், இந்த மூன்றில் இரண்டின் கதை ஐரோப்பாவில் முடிந்துவிட்டது. ஐ30 என் விற்பனை 2024இல் நின்றது. சிவிக் டைப் ஆருக்கு 2025இல் அல்டிமேட் எடிஷன் என்று நாற்பது கார்கள் மட்டும் செய்து ஹோண்டா விடைபெற்றது. மெகான் ஆர்எஸ் அதற்கு முன்பே போய்விட்டது. புகை விதிகள் இறுகியிருக்கின்றன, அது தேவையானதுதான். மின்சாரத்தில் அல்பீன் ஏ290 போன்ற வாரிசுகள் வந்திருக்கின்றன. 220 குதிரைத்திறன், எடையும் ஒன்றரை டன்னுக்குள். அந்தப் பாதை நல்லபடியாக வளரட்டும். ஆனால் அந்தக் கியர் குமிழின் உலோகச் சத்தம் இனி ஐரோப்பாவுக்குப் புதிதாக வராது என்பதை அந்த அம்மாவிடம் சொன்னபோது, "நான் இதை விற்கப்போவதில்லை" என்று சட்டென்று பதில் வந்தது.

மாலையில் டோட்டிங்கர் ஹோஹ பெட்ரோல் பங்க்கில் டயர்களுக்குக் காற்றைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தபோது கோவையிலிருந்து சித்தப்பா பையன் கூப்பிட்டான். இந்தியாவுக்கு 2025இல் வந்த கோல்ஃப் ஜிடிஐயில் ஒன்றை வாங்கியிருக்கிறான். 53 லட்சம் ரூபாய், முதல் தொகுதியில் 150 கார்கள். கரியில் அடுத்த வாரம் ஓட்டப்போகிறானாம்.

"என்னண்ணா பண்ணலாம்? இன்ஜின ரீமேப் பண்ணி முந்நூறு பவர் ஆக்கிடலாமா? டயர் மாத்தட்டுமா?"

"ஒண்ணும் பண்ணாத தம்பி. பிரேக் ஆயில மாத்து. பழைய பேட எடுத்துப் பாரு, பாதிக்கு மேல தேஞ்சிருந்தா அதையும் மாத்திட்டு அப்புறமா தளத்துக்குப் போ. பேபி சீட்டக் கழட்டி வீட்ல வெச்சுட்டுப் போ, மறந்துடாத."